உஷார்! காய்ச்சல் விட்டதும் தொடங்கும் ஆபத்து

மூன்று நாளாக நெருப்பாய்க் கொதித்த உடம்பு, நான்காம் நாள் காலையில் குளிர்ந்துவிடுகிறது. "அப்பாடா, காய்ச்சல் விட்டுருச்சு" என்று வீட்டில் எல்லாரும் பெருமூச்சு விடுகிறோம். நோயாளியும் எழுந்து உட்காருகிறார். நாளைக்கு வேலைக்குப் போகலாமா என்றுகூட யோசிக்கிறார்.

டெங்கியில் உயிருக்கு ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அந்தக் காலையில்தான் தொடங்குகிறது.

இந்த நோயை நாம் குறைத்து எடைபோடுவதற்குக் காரணமே இதுதான். எங்கெல்லாம் நம் மனம் நிம்மதி அடைகிறதோ, அங்கெல்லாம் டெங்கி காத்திருக்கிறது. "நம்ம வீடு சுத்தமா இருக்கு" என்கிறோம். அதன் கொசு சுத்தமான தண்ணீரில்தான் பிறக்கிறது. "ராத்திரி கொசுவலை கட்டிட்டுத்தான் படுக்கிறோம்" என்கிறோம். அது பகலில் கடிக்கிறது. "எனக்கு ஏற்கனவே வந்து போயிருச்சு" என்கிறோம். இரண்டாம் முறை வரும் டெங்கிதான் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். சிங்கப்பூரில், அதிலும் தேக்காவிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும், வேலை பார்க்கும், ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து போகும் ஒவ்வொருவரும் இதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எண்கள் சொல்லும் எச்சரிக்கை

2005இல் சிங்கப்பூரில் 14,000 பேருக்கு மேல் டெங்கி கண்டது. அன்று அதுவே பெரிய அதிர்ச்சி. 2013இல் அது 22,000ஐத் தாண்டியது. 2020இல் 35,315. இந்த நாட்டின் வரலாற்றிலேயே அதுதான் மிக அதிகம். அந்த ஆண்டு ஜூலையில் ஒரே வாரத்தில் 1,700 பேருக்கு மேல் நோய் உறுதியானது. 2022இல் மறுபடியும் 32,000க்கு மேல். 2024இல் 13,000க்கு மேல். சில ஆண்டுகளில் எண்ணிக்கை இறங்கும். இறங்கியதைப் பார்த்து நாம் மறப்போம். மறந்த நேரம் பார்த்து மறுபடி ஏறும். உலகம் முழுவதும் 2024இல் பதிவான டெங்கி நோயாளிகள் 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேல் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

2020இல் என்ன நடந்தது என்பதை நாம் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். கொவிட் காரணமாக எல்லாரும் வீட்டுக்குள் அடைந்திருந்த இரண்டு மாதத்தில், வீடுகளிலும் தாழ்வாரங்களிலும் கண்டுபிடிக்கப்பட்ட, டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுக்கள், அதற்கு முந்தைய இரண்டு மாதத்தைவிட ஐந்து மடங்கு பெருகியிருந்தன. ஆள் இல்லாத வீட்டில் கொசு பெருகினால் ஒரு காரணம் சொல்லலாம். நாள் முழுவதும் நாம் இருந்த வீட்டில், நம் கண்ணெதிரே பெருகின.

இவ்வளவு சுத்தமான ஊரில் ஏன்?

சிங்கப்பூர் 1960களின் பிற்பாதியிலிருந்தே வீடு வீடாகச் சோதனை போட்டு ஏடிஸ் கொசுவை அடக்கிவந்த நாடு. அந்த வெற்றியிலேயே ஒரு சிக்கலும் பிறந்தது. கொசு குறைந்ததால் பல தலைமுறையினர் டெங்கியே வராமல் வளர்ந்துவிட்டார்கள். அவர்கள் உடம்பில் அந்தக் கிருமிக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை. ஊரில் எதிர்ப்புச் சக்தி குறைவாக இருக்கும்போது, கொஞ்சம் கொசு இருந்தாலே நோய் வேகமாகப் பரவிவிடும். 1990களிலிருந்து டெங்கி இங்கே திரும்பத் திரும்பத் தலைதூக்குவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். பல நாடுகளில் டெங்கி குழந்தைகளை வாட்டுகிறது; இங்கே பெரியவர்களையே அதிகம் பிடிக்கிறது. முதியவர்களுக்கும், நீரிழிவு போன்ற நாட்பட்ட நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

டெங்கிக் கிருமியில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு மட்டும்தான் வாழ்நாள் பாதுகாப்பு. மற்ற மூன்றும் எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஆகவே ஒருவருக்கு நான்கு முறை வரைக்கும் டெங்கி வர இடமுண்டு. ஒரு வட்டாரத்தில் நீண்ட நாள் காணாமல் போயிருந்த வகை திரும்பி வரும்போதுதான் பெரும் பரவல் வெடிக்கிறது. 2020க்குப் பிறகு மூன்றாம் வகை தலைதூக்கியது அப்படித்தான்.

கிளைவ் ஸ்திரீட் நடத்திய பாடம்

தேக்காவில் வியாபாரம் செய்வோரில் பலருக்கு 2008 ஜனவரி மறந்திருக்கும். சிராங்கூன் சாலையிலிருந்து நாலு எட்டு வைத்தால் வரும் கிளைவ் ஸ்திரீட்டில், அந்த மாதம் ஒருவருக்குச் சிக்குன்குன்யா உறுதியானது. வெளிநாட்டில் தொற்றி வந்த நோயாளிகளை மட்டுமே அதுவரை பார்த்திருந்த சிங்கப்பூரில், உள்ளூரிலேயே அந்த நோய் பரவியது அதுதான் முதல் முறை. மொத்தம் 13 பேர் பாதிக்கப்பட்டார்கள். பரப்பியது, டெங்கியைப் பரப்பும் அதே ஏடிஸ் எஜிப்டி கொசு.

அதிகாரிகள் அக்கம்பக்கத்தில் குடியிருப்போர், வேலை பார்ப்போர் எல்லாரிடமும் போய் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். நோய் கண்டவர்களை மருத்துவமனையில் தனியாக வைத்தார்கள். கொசு பிறக்கும் இடங்களைத் தேடித் தேடி அழித்தார்கள். அந்தத் தெருவில் அதோடு நின்றது. ஆனால் அதே ஆண்டு பிற்பாதியில் கிராஞ்சி முதலிய இடங்களில் சிக்குன்குன்யா மறுபடி கிளம்பி, ஆண்டு முடிவதற்குள் நூற்றுக்கணக்கானோரைப் பிடித்தது. 2016 ஆகஸ்டில் அல்ஜுனிட் கிரசென்ட், சிம்ஸ் டிரைவ் பகுதியில் ஸிக்கா வந்தபோதும் பரப்பியது ஏடிஸ்தான்.

ஒரு கொசு, மூன்று நோய். தேக்கா போன்ற இடத்தில் அதற்கு வேண்டியது எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சுவரோடு சுவர் ஒட்டிய பழைய கடைவீடுகள். கீழே கடை, மேலே குடியிருப்பு. பின்சந்தில் அடுக்கிவைத்த வாளிகள், பெட்டிகள். கூரையில் இலை அடைத்த தண்ணீர்த் தாரை. பூக்கடைகளில் வாளி வாளியாய்த் தண்ணீர். நாள் முழுவதும் வந்து போகும் ஆயிரக்கணக்கான மனிதர்கள். ஏடிஸ் கொசு வெகுதூரம் பறப்பதில்லை. பெரும்பாலும் பிறந்த இடத்தைச் சுற்றியே வாழ்ந்து முடிக்கும். நோயைத் தூரத்துக்குத் தூக்கிப் போவது மனிதர்களாகிய நாம்தான். கிருமியைச் சுமந்தபடி ஒருவர் கேம்பல் லேனுக்கு வந்து, அங்குள்ள கொசு அவரைக் கடித்தால், சுமார் பத்து நாளில் அந்தக் கொசு மற்றவர்களுக்குப் பரப்பத் தயாராகிவிடும்.

அதனால்தான் 150 மீட்டருக்குள், 14 நாள் இடைவெளிக்குள் இரண்டு பேருக்கு டெங்கி கண்டாலே தேசியச் சுற்றுப்புற வாரியம் அதை டெங்கிக் குழுமம் என்று அறிவிக்கிறது. பத்துக்குக் குறைவு என்றால் மஞ்சள் பதாகை. பத்தோ அதற்கு மேலோ என்றால் சிவப்பு. உங்கள் புளோக்கின் கீழே, கடைத்தெருவின் முனையில் அந்தப் பதாகை தொங்கினால், பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். அன்று சாயங்காலமே வீட்டைச் சோதியுங்கள்.

நம் வீட்டில் எங்கே ஒளிந்திருக்கிறது?

சாக்கடை என்றுதான் முதலில் நினைப்போம். ஏடிஸ் எஜிப்டிக்குப் பிடித்தது தெளிந்து தேங்கிய தண்ணீர். 20 காசு நாணயம் அளவு தண்ணீர் அதற்குப் போதும். முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க ஒரு வாரம் போதும். தண்ணீர் காய்ந்தாலும் முட்டை சாகாது. பாத்திரத்தின் உட்சுவரில் நீர்மட்டத்துக்கு மேலே ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்சுவரையும் விளிம்பையும் தேய்த்துக் கழுவ வேண்டும்.

நம் தமிழ் வீடுகளில் தேட வேண்டிய இடங்கள் இவை:

- துளசி, கறிவேப்பிலை, மல்லிகைத் தொட்டிகளுக்கு அடியில் உள்ள தட்டு. முடிந்தால் எடுத்தே விடுங்கள். இறுகிப்போன மண்ணைக் கிளறிவிடுங்கள். அதன் மேலும் தண்ணீர் தேங்கும்.
- வாசலில் பூ மிதக்கவிட்ட உருளி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீரைக் கொட்டி, தேய்த்துக் கழுவி மாற்றுங்கள்.
- பூஜை அறைக் கலசமும் பூச்சாடியும், போத்தலில் வளரும் மணி பிளாண்ட்டும். வேரையும் அலசிவிட வேண்டும்.
- குளியலறையில் நிரப்பி வைக்கும் வாளி, அண்டா. ஊரில் தண்ணீர்ப் பஞ்சத்தில் வந்த பழக்கம் இது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் இந்த ஊரில் தேவையில்லை. பயன்படுத்தாதபோது கவிழ்த்து வையுங்கள்.
- துணி காயப்போடும் மூங்கில் கழியைச் செருகும் குழாய்கள். கழி இல்லாதபோது மூடி போடுங்கள்.
- பாத்திரம் வடியும் தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, குளிர்சாதனத்திலிருந்து தண்ணீர் சொட்டும் இடம்.
- அதிகம் புழங்காத கழிவறை, தரை வடிகால். ஊருக்குப் போகும் முன் மூடிவிட்டுப் போங்கள்.
- தாழ்வாரத்தில் விட்டுவைத்த பழைய டப்பா, தள்ளுவண்டி, பொம்மை.

கடைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மேல்மாடியின் கூரைத் தாரையை மாதம் ஒரு முறையாவது ஆள் வைத்துப் பாருங்கள். பின்சந்தில் கிடக்கும் காலி வாளிகளைக் கவிழ்த்துப் போடுங்கள். பூக்கடை வாளிகளைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள். தார்ப்பாயின் மடிப்பில் மழைத்தண்ணீர் தேங்குகிறதா என்று மழை விட்டதும் பாருங்கள்.

வீட்டில் கொசுப் புழு கண்டால் முதல் முறையே 200 வெள்ளி அபராதம். அபராதத்துக்குப் பயந்து செய்ய வேண்டிய வேலை இல்லை இது. நம் வீட்டில் பிறக்கும் கொசு முதலில் கடிப்பது நம் பிள்ளையையும் நம் அம்மாவையும்தான்.

கடி படாமல் இருக்க

ஏடிஸ் பகலில் கடிக்கும். விடிந்த பிறகு சில மணி நேரமும், பொழுது சாயும் நேரமும்தான் அதன் வேட்டை நேரம். பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்பும் நேரத்தில், டீட் அல்லது பிகாரிடின் கலந்த கொசு விரட்டியைக் கை காலில் தடவுங்கள். முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை போடுங்கள். திரைச்சீலைக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், அலமாரி மூலையில் இருட்டாக இருக்கும் இடங்களில் பூச்சிமருந்து அடியுங்கள். மே, ஜூன் தொடங்கி அக்டோபர் வரை இங்கே டெங்கி அதிகம் பரவும் காலம். அந்த மாதங்களில் இவற்றில் எதையும் விட்டுவிடக் கூடாது.

புகை அடிக்கிறார்களே, அது போதாதா என்று கேட்கலாம். புகை கொல்வது பறக்கும் கொசுவை மட்டுமே. உங்கள் தொட்டித் தட்டில் கிடக்கும் முட்டைக்கும் புழுவுக்கும் அது ஒன்றும் செய்யாது.

வோல்பாக்கியா திட்டமும் இப்படித்தான். வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஆண் கொசுக்களை 2016 முதல் படிப்படியாகப் பல வட்டாரங்களில் விடுகிறார்கள். அவை கடிக்காது. அவற்றோடு சேரும் பெண் கொசுவின் முட்டை பொரியாது. ஓராண்டுக்கு மேல் விட்ட இடங்களில் டெங்கி வரும் வாய்ப்பு சுமார் 75 விழுக்காடு குறைந்திருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பெரிய வெற்றிதான். ஆனாலும் மீதி 25 விழுக்காடு இருக்கிறது. திட்டம் இன்னும் எட்டாத புளோக்குகளும் உண்டு. அந்த இடைவெளியை வீட்டுக்காரர்தான் அடைக்க வேண்டும்.

காய்ச்சல் வந்தால் ஒவ்வொரு நாளும் முக்கியம்

கொசு கடித்து நான்கிலிருந்து ஏழு நாளில் பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கும். திடீரென்று கடுங்காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பை முறிப்பதுபோல் மூட்டு வலி, தசை வலி, குமட்டல், சில நாளில் தோலில் சிவப்புத் தடிப்பு. இவற்றில் சில இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். பக்கத்துக் கிளினிக்கோ பலதுறை மருந்தகமோ போதும். முதல் சில நாட்களிலேயே ரத்தப் பரிசோதனையில் டெங்கியைக் கண்டுபிடிக்கலாம்.

இப்போது மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை கவனியுங்கள். காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாளில், சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறும். ரத்தம் கெட்டியாகும், ரத்த அழுத்தம் விழும், உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போகும். வெளியே காய்ச்சல் இல்லை. உள்ளே உடம்பு வற்றிக்கொண்டிருக்கிறது. கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 995க்கு அழையுங்கள்:

- விடாத கடும் வயிற்றுவலி
- நிற்காத வாந்தி
- மூக்கிலோ ஈறிலோ ரத்தம், வாந்தியிலோ மலத்திலோ ரத்தம், கறுத்த மலம்
- மிகுந்த சோர்வு, தூக்கக் கலக்கம், அல்லது காரணமில்லாத பதற்றம்
- கை கால் சில்லிட்டுப் பிசுபிசுத்தல், எழுந்து நின்றால் தலைசுற்றல், மூச்சு வாங்குதல்
- ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை

இவற்றைச் செய்யாதீர்கள்

காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் மட்டும், மருத்துவர் சொன்ன அளவில் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், மெஃபனமிக் ஆசிட் ஆகியவை ரத்தப்போக்கைக் கூட்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்துப் பையிலிருந்து பெயர் தெரியாத வலி மாத்திரையை எடுத்துப் போடாதீர்கள். இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

"ஒரு ஊசி போட்டுவிடுங்க டாக்டர்" என்று கேட்காதீர்கள். டெங்கி நேரத்தில் தசையில் போடும் ஊசி ரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். ஆன்டிபயாடிக்கும் வேண்டாம், இது வைரஸ் நோய்.

பப்பாளி இலைச் சாறும் நிலவேம்புக் குடிநீரும் நம் வீடுகளில் உடனே தயாராகும். 2017இல் தமிழ்நாட்டில் 20,000 பேருக்கு மேல் டெங்கி கண்டபோது நிலவேம்பு தெருத்தெருவாகக் கொடுக்கப்பட்டது. அவற்றை நம்பி மருத்துவரைப் பார்ப்பதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. கசியும் நீரை அவை நிறுத்தா. தட்டணு எண்ணிக்கையை மட்டும் பார்த்து வீட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதும் தவறு. தட்டணு எத்தனை என்பதோடு, ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது, மேலே சொன்ன அறிகுறிகள் உண்டா என்பதையும் சேர்த்தே மருத்துவர் முடிவெடுப்பார்.

கஞ்சி, இளநீர், பழச்சாறு, உப்புச் சர்க்கரைக் கரைசல் எனச் சிறிது சிறிதாக நிறையக் குடிக்கச் செய்யுங்கள். நோயாளியைக் கொசு கடிக்காமலும் பாருங்கள். காய்ச்சலில் கிடப்பவரைக் கடித்த கொசுதான் அடுத்தவருக்கு நோயைக் கொண்டுபோகிறது. அவர் கை காலிலும் கொசு விரட்டி தடவுங்கள்.

தங்குவிடுதித் தம்பிமார்களுக்கு

கட்டுமான இடத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் தம்பிகளே, காய்ச்சலோடு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகாதீர்கள். எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தால் சம்பளம் போய்விடுமோ, முதலாளி கோபிப்பாரோ என்ற பயம் புரிகிறது. டெங்கியோடு வெயிலில் நின்று வேலை செய்தால் உடம்பிலிருந்து நீர் இன்னும் வேகமாக வற்றும். மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள், எத்தனை நாளாகக் காய்ச்சல் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அறையில் ஒருவர் காய்ச்சலோடு படுத்திருந்தால் "தூங்கட்டும்" என்று விட்டுவிட்டு எல்லாரும் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். யாராவது ஒருவர் இடையிடையே போன் போட்டுப் பாருங்கள். எடுக்கவில்லை என்றால், பேச்சு குழறினால், விடுதி மேலாளருக்கு உடனே சொல்லுங்கள்.

ஊருக்குப் போய் வருவோருக்கும் இதேதான். தீபாவளியை ஒட்டித் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலம். அங்கே டெங்கி ஏறும் காலமும் அதுதான். திரும்பி வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், போய் வந்த ஊரையும் தேதியையும் மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இன்றைக்கே

இதைப் படித்து முடித்ததும் வீட்டில் உள்ள ஒவ்வொரு பாத்திரத்தையும் தொட்டித் தட்டையும் பாருங்கள். தனியாக இருக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டியின் வீட்டுக்கும் ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள். அவரால் குனிந்து வாளியைக் கவிழ்க்க முடியாமல் இருக்கலாம். வாரம் ஒரு நாளை இதற்கென்று வையுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம்தான் ஆகிறது. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால், தொடங்கிய நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். காய்ச்சல் இறங்கிய பிறகு இரண்டு நாள் அவர் பக்கத்தைவிட்டு நகராதீர்கள். டெங்கியை ஒழிக்கும் மருந்து இன்னும் இல்லை. நேரத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பிழைத்து வீடு திரும்புகிறார்கள். தாமதிக்காதீர்கள்.